உங்கள் வார்டுக்கு நீங்களே பட்ஜெட் போடுங்கள்

அமெரிக்காவில் எம்எஸ்என் (நர்ஸிங் முதுநிலை) அல்லது டிஎன்பி (நர்ஸிங் முனைவர்) படிக்கச் சேர்ந்திருக்கும் நம் ஊர் நர்ஸ்களுக்காக இந்த அத்தியாயம். மருந்தியலையும் உடல் பரிசோதனையையும் தெளிவாகக் கடந்து வந்தவர்கள்கூட நிதிப் பாடத்தின் முதல் அசைன்மென்ட்டில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். தயங்கத் தேவையில்லை. இதில் வரும் கணக்கு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

இந்தப் பாடம் ஏன் இருக்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உயர்நிலை நர்ஸிங் பணிக்கு டிஎன்பி பட்டம் வேண்டும் என்று அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கம் 2004-இல் தீர்மானித்தது. 2006-இல் அது வெளியிட்ட தகுதிப் பட்டியல், தன் துறைக்கு பட்ஜெட் போடவும் செலவுக்கேற்ற பலன் கிடைக்கிறதா என்று அலசவும் டிஎன்பி பட்டதாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. 2021-இல் அந்தப் பட்டியல் 10 களங்களாகத் திருத்தி எழுதப்பட்டபோதும் செலவும் மதிப்பும் அதில் நிலைத்தன.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றைத்தான். நோயாளியின் எண்ணிக்கையில் தொடங்குங்கள்; அங்கிருந்து மணிக்கு வாருங்கள், மணியிலிருந்து ஆளுக்கு வாருங்கள்; பணம் கடைசிக் கட்டத்தில் வரட்டும். பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் பணிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அறைக் கட்டணத்துக்குள் அது கரைந்துவிடுகிறது. அதனால் கணக்குப் புத்தகத்தில் நர்ஸ் வருமானமாகத் தெரிவதே இல்லை, செலவாக மட்டுமே தெரிகிறார். பணத்திலிருந்து தொடங்கும் எந்தப் பேச்சும் ஆளைக் குறைப்பதில் போய் முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம். நோயாளியிடமிருந்து தொடங்கும் கணக்கை அப்படி எளிதில் வெட்ட முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஊரில் நைட் டியூட்டியில் நள்ளிரவு சென்சஸ் எழுதியிருப்பீர்கள். அதே எண்தான் இங்கும் அடித்தளம். இவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள்:

1. வார்டின் படுக்கை எண்ணிக்கை. கடந்த 12 மாதங்களின் சராசரி தினசரி சென்சஸ்.
2. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கு. இதை எச்பிபிடி என்பார்கள்.
3. பதிவு நர்ஸ்களும் உதவியாளர்களும் எந்த விகிதத்தில் பணிபுரிகிறார்கள்.
4. சராசரி மணிச் சம்பளம், இரவுப் படி, சம்பளத்தின் மேல் சேரும் இதரச் சலுகைகளின் சதவீதம்.
5. ஓர் ஊழியருக்கு ஆண்டுக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் விடுப்பு மணிகள்.

உங்கள் மருத்துவமனை எண்களைத் தர மறுத்தால் அசைன்மென்ட் நின்றுவிடாது. சம்பளத்துக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை மாநிலவாரியாக வெளியிடும் விவரம் போதும். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990 யாரும் பார்க்கக்கூடியது. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மருத்துவமனைகள் தரும் செலவு அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எக்செல் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு: எதை வார்டைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது

கணக்கைத் தொடும் முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். பட்ஜெட் அசைன்மென்ட்டில் ஒரு நர்ஸின் வேலைக்கே ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான்.

1. சென்சஸ் தாளையோ பணிப்பட்டியலையோ போனில் படமெடுக்காதீர்கள். நோயாளியின் பெயர் அதில் இருந்தால் அது நோயாளி தகவலின் தனியுரிமையைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மீறுவதாகும்.
2. பெயரை மட்டும் நீக்கினால் அடையாளம் போய்விடாது. ஹிப்பா விதியின்படி 18 வகை அடையாளங்கள் நீங்க வேண்டும். அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி, 89-க்கு மேற்பட்ட வயது எல்லாமே அவற்றில் அடங்கும். மாத மொத்தமாகத் தொகுத்த எண்ணை மட்டும் எடுத்து வாருங்கள்.
3. சக ஊழியரின் சம்பளத்தைத் தனித்தனியாகக் கேட்காதீர்கள். வகைவாரிச் சராசரி போதும்.
4. மருத்துவமனையின் உள்நிதி எண்களைப் பயன்படுத்த மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அசைன்மென்ட்டில் மருத்துவமனையின் பெயர் வேண்டாம். "24 படுக்கை கொண்ட மருத்துவ-அறுவை வார்டு" என்றாலே போதும்.
5. இந்தக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பொதுவான ஏஐ செயலிகளிலும் ஏற்றாதீர்கள்.

ஆள் பட்ஜெட்: எட்டுப் படிகள்

வார்டு செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். ஆகவே ஆள் பட்ஜெட்டை ஒழுங்காகப் போட்டுவிட்டால் அசைன்மென்ட்டின் கனமான பாதி முடிந்துவிடும். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. உங்கள் வார்டின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

*படி 1. நோயாளி-நாட்களைக் கணக்கிடுங்கள்.* 24 படுக்கை, சராசரி சென்சஸ் 20. ஆண்டுக்கு 20 × 365 = 7,300 நோயாளி-நாட்கள். 24-ஐப் பெருக்கிவிடாதீர்கள். நிரம்பிய படுக்கைக்குத்தான் பராமரிப்பு.

*படி 2. பராமரிப்பு மணிகளைக் கணக்கிடுங்கள்.* எச்பிபிடி இலக்கு 8.4 என்று வைப்போம். 7,300 × 8.4 = 61,320 மணி. படுக்கையருகே உண்மையில் வேலை நடக்க வேண்டிய மணிகள் இவை.

*படி 3. ஓர் ஊழியர் உண்மையில் எத்தனை மணி வேலை செய்வார்?* ஒரு எஃப்டிஇ, அதாவது ஒரு முழுநேரப் பணியிடம், வாரம் 40 மணி வீதம் 52 வாரத்துக்கு 2,080 மணி. இதில் விடுமுறை 120 மணி, நோய்விடுப்பு 48, பண்டிகை நாட்கள் 64, பயிற்சி 24 என்று மொத்தம் 256 மணி போய்விடும். வார்டில் நிற்கும் நேரம் 1,824 மணி.

*படி 4. பணியிடங்களைக் கணக்கிடுங்கள்.* 61,320 ÷ 1,824 = 33.62 எஃப்டிஇ. 2,080-ஆல் வகுத்திருந்தால் 29.48 தான் வந்திருக்கும். அந்த வித்தியாசம் நான்கு பணியிடங்களுக்கு மேல். அவற்றை விட்டுவிட்டால் யாராவது லீவு எடுக்கும் ஒவ்வொரு நாளும் வார்டு ஆள் குறைவோடு ஓடும், அல்லது ஓவர்டைமில் ஓடும்.

*படி 5. ஷிஃப்ட்டாகப் பிரித்துச் சரிபாருங்கள்.* பலர் தாண்டிப் போகும் படி இது. ஒரு நாளைக்கு 20 × 8.4 = 168 மணி. 12 மணி ஷிஃப்ட் என்றால் 14 பேர். பகலில் 5 நர்ஸ், 2 உதவியாளர், இரவிலும் அவ்வாறே. 20 நோயாளிகளுக்கு 5 நர்ஸ் என்றால் ஒரு நர்ஸுக்கு 4 நோயாளிகள். அந்த வார்டில் வேலை செய்தவர் என்ற முறையில் உங்களையே கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு இந்த ஆட்களோடு இந்த வார்டு தாங்குமா? தாங்காது என்று தோன்றினால் எச்பிபிடி இலக்கை மறுபடி பாருங்கள்.

*படி 6. வகை பிரியுங்கள்.* 70 சதவீதம் பதிவு நர்ஸ், 30 சதவீதம் உதவியாளர் என்று கொள்வோம். வேலை மணிகள் 42,924-உம் 18,396-உம். சம்பளம் தர வேண்டிய மணிகள் இவற்றைவிட அதிகம், ஏனென்றால் லீவுக்கும் சம்பளம் உண்டு. 2,080 ÷ 1,824-ஆல் பெருக்கினால் நர்ஸ்களுக்கு 48,948, உதவியாளர்களுக்கு 20,978.

*படி 7. இப்போது பணத்துக்கு வாருங்கள்.* நர்ஸுக்கு மணிக்கு 40 டாலர், உதவியாளருக்கு 18 டாலர் என்றால் முறையே சுமார் 19,57,900, 3,77,600. இரவு வேலை மணிகள் பாதி, அதாவது 30,660. மணிக்கு 3 டாலர் படி வைத்தால் 91,980. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 24,27,500 டாலர்.

*படி 8. இதரச் சலுகைகளைச் சேருங்கள்.* சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் முதலாளி கட்டும் 7.65 சதவீதம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய நிதி எல்லாமாக 25 சதவீதம் என்று வைத்தால் மேலும் 6,06,900. மொத்தம் சுமார் 30,34,400 டாலர். 7,300-ஆல் வகுத்தால் ஒரு நோயாளி-நாளுக்குச் சுமார் 416 டாலர். மேல்நிலைக் கூட்டங்களில் உங்களிடம் கேட்கப்படுவது இந்த எண்தான்.

குறிப்பு: நான் இங்கே லட்ச முறையில் கமா போட்டிருக்கிறேன். அசைன்மென்ட்டில் அமெரிக்க முறையில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள். எக்செல் பயன்படுத்தும் வட்டார அமைப்பை (ரீஜன்) முதலிலேயே மாற்றிவிட்டால், கடைசி இரவில் ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டியிருக்காது.

அடிக்கடி நேரும் தவறுகள்

*வகுப்பதற்குப் பதில் பெருக்குவது.* விடுப்பு 256 மணி, 2,080-இல் 12.3 சதவீதம். எனவே 29.48-ஓடு 12.3 சதவீதம் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டினால் 33.11 வருகிறது, சரியான விடை 33.62. அரைப் பணியிடம் காணாமல் போகிறது. கூடுதலாக வருபவர்களும் லீவு எடுப்பார்கள் என்பதுதான் காரணம். விடுப்பு மணியை எப்போதும் வகுக்கும் பக்கத்தில் வையுங்கள்.

*இந்திய விகிதத்தையும் அமெரிக்க விகிதத்தையும் ஒன்றாகப் பார்ப்பது.* நம்மவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் நெறிப்படி கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டுக்கு 1:3 என்று மனப்பாடம் செய்திருப்போம். அது மொத்தப் பணியிடத்துக்கான விகிதம். ஒரு ஷிஃப்ட்டுக்கு அது 1:9 ஆகிறது, 30 சதவீத விடுப்பு இருப்பு தனி. அமெரிக்காவில் 1:4, 1:5 என்று பேசும்போது அந்த ஷிஃப்ட்டில் நேரில் நிற்கும் நர்ஸைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு "எங்கள் ஊரிலேயே மேல்" என்று எழுதிவிட்டால் தாள் முழுவதும் ஆட்டம் காணும்.

*ஆளையும் எஃப்டிஇயையும் ஒன்றென நினைப்பது.* வாரம் மூன்று 12 மணி ஷிஃப்ட் பார்ப்பவர் 36 மணி வேலை செய்கிறார். அவர் 0.9 எஃப்டிஇ. 33.62 எஃப்டிஇயை நிரப்ப எல்லோரும் 0.9 என்றால் 37-க்கும் அதிகமானவர்களை வேலைக்கு எடுக்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஆரம்பப் பயிற்சியும் வருடாந்தரத் தகுதித் தேர்வும் உண்டு.

*நோயாளி இல்லாத சார்ஜ் நர்ஸை மறப்பது.* ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க ஆண்டுக்கு 8,760 மணி தேவை. 1,824-ஆல் வகுத்தால் 4.8 எஃப்டிஇ. "ஒரு சார்ஜ் நர்ஸ்" என்று பட்ஜெட்டில் ஒற்றைப் பணியிடமாக எழுதினால் வாரத்தின் பெரும்பகுதி அந்த இடம் காலி. யூனிட் கிளார்க், மேனேஜர் ஆகியோரையும் தனி வரியில் எழுதுங்கள். சென்சஸ் ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் எண்ணிக்கை மாறாது.

*நள்ளிரவு சென்சஸை அப்படியே நம்புவது.* நள்ளிரவில் 20 பேர் இருந்திருப்பார்கள். அன்று பகலில் எட்டுப் பேர் டிஸ்சார்ஜ் ஆகி எட்டுப் பேர் புதிதாக வந்திருந்தால் நர்ஸ்கள் பார்த்தது 28 பேரை. அட்மிஷன், டிஸ்சார்ஜ் இரண்டும் நேரம் விழுங்குபவை என்று நமக்குத் தெரியும். சென்சஸ் தாளுக்குத் தெரியாது. வரவும் போக்கும் மிகுந்த வார்டு என்றால் அந்த எண்ணிக்கையைத் தனியாகக் காட்டி, எச்பிபிடி ஏன் கூடுதலாக வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அப்படி எழுத வார்டில் நின்றவரால்தான் முடியும். உங்கள் தாள் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிவதும் அங்கேதான்.

*விடுப்பை இரண்டு முறை சேர்ப்பது.* படி 6-இல் லீவுச் சம்பளம் ஏற்கெனவே வந்துவிட்டது. மருத்துவமனை தரும் சலுகைச் சதவீதத்துக்குள்ளும் லீவு அடங்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறைக்கச் சொன்னால் எங்கே நிற்பது

சில பேராசிரியர்கள் அடுத்த அசைன்மென்ட்டாக "இதே பட்ஜெட்டில் 5 சதவீதம் குறையுங்கள்" என்பார்கள். எச்பிபிடியை 8.4-இலிருந்து 8.0 ஆக்கினால் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடும். அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 20 நோயாளிகளுக்கு அது நாளைக்கு 8 மணி நேரப் பராமரிப்பை எடுத்துவிடுகிறது. பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐகனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை நோயாளிகளில் ஒரு நர்ஸ் கூடுதலாகப் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்பு காணப்பட்டது. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் விகிதங்களை நடைமுறைப்படுத்தியது. அங்கே மருத்துவ-அறுவை வார்டில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள், தீவிர சிகிச்சையில் 2. உங்கள் மாநிலத்தில் என்ன சட்டம் என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

முதலில் வெட்ட வேண்டியவை வேறு. இந்த வரிசையில் போங்கள்:

1. ஓவர்டைம். ஒன்றரை மடங்கு சம்பளம் எந்த நாட்களில், எந்த ஷிஃப்ட் முடிவில் விழுகிறது என்று பாருங்கள்.
2. ஏஜென்சி நர்ஸ். காலிப் பணியிடத்தை நிரப்பினால் எவ்வளவு குறையும் என்று கணக்கிடுங்கள்.
3. வேலையை விட்டுப் போவோர். புதியவருக்குப் பயிற்சி தரும் வாரங்களில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் போகிறது.
4. காலாவதியாகி வீசப்படும் பொருட்கள். ஊரில் இன்டென்ட் எழுதிப் பழகிய கண் இங்கே உதவும்.

இவ்வளவுக்கும் பிறகு 5 சதவீதம் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதுங்கள். அதைச் சொல்லும் எண் கைவசம் இருக்கும்போது அது நேர்மையான விடை.

மாத அறிக்கை: எகிறிய செலவைப் பிரித்துப் பார்ப்பது

அடுத்து வரும் அசைன்மென்ட் பெரும்பாலும் இதுதான். பட்ஜெட் ஓர் எண், நடந்த செலவு வேறோர் எண். ஏன் என்று விளக்கு என்பார்கள். ஜூன் மாதத்துக்கு ஓர் உதாரணம்:

பட்ஜெட்: 600 நோயாளி-நாட்கள், 8.4 மணி, மணிக்குச் சராசரி 35 டாலர். மொத்தம் 1,76,400.
நடந்தது: 660 நோயாளி-நாட்கள், 8.6 மணி, மணிக்கு 36.50 டாலர். மொத்தம் 2,07,174.

அதிகச் செலவு 30,774 டாலர். இந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் வார்டு மேனேஜர் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். மூன்றாகப் பிரியுங்கள்:

1. *நோயாளி கூடியதால்:* 60 கூடுதல் நாட்கள் × 8.4 × 35 = 17,640.
2. *மணி கூடியதால்:* 0.2 × 660 × 35 = 4,620.
3. *சம்பள விகிதம் கூடியதால்:* 1.50 × 5,676 மணி = 8,514.

மூன்றையும் கூட்டினால் சரியாக 30,774 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ பட்ஜெட் எண்ணும் நடந்த எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. மணிக் கணக்கில் நடந்த நோயாளி-நாளையும் (660), விகிதக் கணக்கில் நடந்த மணியையும் (660 × 8.6 = 5,676) எடுக்க வேண்டும். தவறு பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது.

இப்போது கதை மாறுகிறது. அதிகச் செலவில் பாதிக்கு மேல், 57 சதவீதம், கூடுதல் நோயாளிகளைப் பார்த்ததால் வந்தது. அந்த வரவின் பலன் மருத்துவமனையின் வருமானத்தில் பதிவாகியிருக்கும். வார்டின் தாளில் செலவு மட்டும் நிற்கிறது. விளக்கம் எழுதும்போது இதை முதல் வாக்கியமாக வையுங்கள். பிறகு 8,514-க்கு வாருங்கள். ஏஜென்சி நர்ஸா, ஓவர்டைமா, எந்த வாரம்? 4,620-ஐக் கடைசியாக எடுங்கள். அந்த மாதத்தில் நோயாளிகளின் தீவிரம் கூடியிருந்ததா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் செய்யப்போகும் ஒரு செயலை எழுதுங்கள். நோயாளி கூடியதற்கு மட்டும் செயல் எதுவும் தேவையில்லை, விளக்கம் போதும்.

டிஎன்பி திட்டத்துக்குப் பணக்கணக்கு

முனைவர் படிப்பின் இறுதித் திட்டத்தில் பெரும்பாலும் ஒரு தர மேம்பாட்டு வேலை இருக்கும். அதற்குச் செலவும் பலனும் காட்ட வேண்டும். நம் உதாரணம்: வார்டில் நோயாளிகள் விழுந்து காயமடைவதைக் குறைப்பது.

முதலில் பணம் வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். 1983 முதல் மெடிகேர் உள்நோயாளிக்கு நோய்வகைப்படி நிர்ணயித்த தொகையைத் தருகிறது. நோயாளி கூடுதலாகச் சில நாள் தங்கினால் பெரும்பாலும் கூடுதல் பணம் வராது. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனைக்குள் ஏற்பட்ட சில பாதிப்புகளுக்காகத் தொகை உயர்த்தப்படுவதில்லை. விழுந்ததால் வரும் காயம், மூன்றாம் நான்காம் நிலைப் படுக்கைப்புண், சிறுநீர் வடிகுழாயால் (கத்தீட்டர்) வரும் தொற்று ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே ஒரு விழுகையைத் தடுத்தால் மிச்சம் மருத்துவமனைக்கே.

1. *செலவை எழுதுங்கள்.* 40 நர்ஸ்களுக்கு 2 மணி பயிற்சி, மணிக்கு 40 டாலர்: 3,200. படுக்கை அலாரம் முதலிய கருவிகள்: 6,000. திட்டத்தை நடத்தும் நர்ஸின் நேரம் 0.1 எஃப்டிஇ, அதாவது 208 மணி, மணிக்கு 45 டாலர்: 9,360. மொத்தம் 18,560. படிப்புக்காகச் செய்கிறேன் என்று உங்கள் நேரத்தைச் சும்மா போடாதீர்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போனபின் அந்த வேலையை யாரோ ஒருவர் சம்பளத்துக்குத்தான் செய்தாக வேண்டும்.
2. *பலனை எழுதுங்கள்.* ஆண்டுக்கு 6 காய விழுகைகள் 3 ஆகும் என்று எதிர்பார்க்கிறோம். ஒன்றுக்கு மாறும் செலவு 7,000 டாலர் என்று வைத்தால் 21,000.
3. *வித்தியாசம்:* 2,440 டாலர் மிச்சம். போட்ட பணத்தின் மேல் 13 சதவீதம்.
4. *சமநிலைப் புள்ளி:* 18,560 ÷ 7,000 = 2.65. அதாவது மூன்று விழுகைகளைத் தடுத்தாக வேண்டும்.
5. *எண்ணை அசைத்துப் பாருங்கள்.* இரண்டு மட்டும் தடுத்தால் 4,560 நஷ்டம். நான்கு தடுத்தால் 9,440 லாபம். மூன்றையும் அட்டவணையில் காட்டுங்கள்.

இரண்டாம் படியில் "மாறும் செலவு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பலர் கட்டுரைகளில் படித்த பெரிய மொத்தச் செலவை அப்படியே எடுத்துப் போடுவார்கள். ஸ்கேன், மருந்து, அறுவைப் பொருட்கள் ஆகியவை விழுகை நடக்காவிட்டால் உண்மையிலேயே மிச்சமாகும். கட்டடச் செலவும் நிலையான சம்பளமும் மிச்சமாகாது. அந்த நோயாளி இரண்டு நாள் முன்பே வீட்டுக்குப் போனாலும் அன்றைய நர்ஸ் வேலையில்தான் இருப்பார். நிதித் துறையில் ஒருவரைப் பார்த்து மாறும் செலவை மட்டும் கேட்டு வாங்குங்கள். எண் சிறியதாகத்தான் வரும், ஆனால் திட்டத்தின் வாய்மொழித் தேர்வில் அதை யாராலும் அசைக்க முடியாது.

விழாமல் காப்பாற்றப்பட்ட மூன்று பேரின் இடுப்பெலும்பை டாலராக்க முயல வேண்டாம். அதைத் தனிப் பத்தியில், மருத்துவப் பலன் என்ற தலைப்பில், காய எண்ணிக்கையாகவே எழுதுங்கள். நஷ்டம் காட்டும் நிலவரத்திலும் இந்தத் திட்டம் ஏன் நடக்க வேண்டும் என்பதற்கான வாதம் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

திட்டத்தைத் தொடங்கும் முன் பல்கலைக்கழகத்திடமும் மருத்துவமனையிடமும் ஐஆர்பி (ஆய்வு நெறிமுறைக் குழு) தீர்மானம் எழுத்தில் பெறுங்கள். தர மேம்பாடு என்பதால் முழு ஆய்வு அனுமதி தேவைப்படாமல் போகலாம். தேவையில்லை என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அதற்குமுன் திரட்டிய தரவைப் பின்னால் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

படிப்புச் செலவுக்கு ஒரு குறிப்பு

முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. அந்த வரம்பு நாட்காட்டி ஆண்டுக்கானது. கட்டணத்தை டிசம்பரிலும் ஜனவரியிலும் பிரித்துக் கட்ட முடிந்தால் இரண்டு ஆண்டுகளின் சலுகையையும் பயன்படுத்தலாம். உதவி பெற்றபின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற விதியைக் கையெழுத்திடும் முன் படியுங்கள்.

சமர்ப்பிக்கும் முன்

1. எச்பிபிடியை 8.4-இலிருந்து 8.6 ஆக மாற்றிப் பாருங்கள். கீழே உள்ள எல்லா எண்ணும் தானாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் எங்கோ சூத்திரத்துக்குப் பதில் எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள்.
2. அனுமானங்கள் எல்லாம் தாளின் மேலே ஒரே இடத்தில் இருக்கட்டும்.
3. இடையில் எண்ணை முழுமையாக்காதீர்கள். கடைசி விடையில் மட்டும் முழுமையாக்குங்கள்.
4. கோப்பின் பெயரிலும், மறைத்து வைத்த தாள்களிலும், கோப்பின் பண்புகளிலும் மருத்துவமனையின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். எக்செலில் மறைத்த தாளை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.
5. நிதி தெரியாத சக நர்ஸ் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் படி 5-இன் ஷிஃப்ட் அட்டவணையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.